முதுமை என்று சொல்லப்பட்ட குளிர்

ஜூலை மாதம் வந்தால் ஜெர்மனியின் ஹாம்பர்க் பூங்காக்களில் மனிதர்கள் அரைகுறை உடையோடு புல்லில் படுத்து வெயில் காய்கிறார்கள். நான் இரண்டு ஸ்வெட்டரும் மஃப்ளருமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி என் கையைத் தொட்டு, "கல்ட்?" என்று கேட்டாள். என் காதில் "அல்ட்?" என்று விழுந்தது. வயதாகிவிட்டதா என்கிறாள்! என்னைவிட மூத்தவள் கேட்கிற கேள்வியா இது? வெடுக்கென்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் மகள் ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்ட்னா குளிரும்மா. அல்ட்தான் வயசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் என் குளிரை வயசு என்று எடுத்துக்கொள்ளாதவர் யார்? இலுப்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, கணவர் இறந்தபின் மகளிடம் வந்தவள் நான். மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. குரல் கம்மியது. மலச்சிக்கல். பேரப்பிள்ளையின் பெயர்கூட நாக்கு நுனியில் நின்று வர மறுத்தது. டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்டெல்லா அதை ஒரே வரியில் ஜெர்மனில் சொல்லி முடித்தாள். டாக்டர் பரிவோடு தலையாட்டி, "ஹைம்வே" என்றார். ஊர் ஏக்கமாம். நடக்கச் சொன்னார்.

"நான் இம்புட்டு சொன்னேன், நீ என்னடி சொன்ன?"

"அம்மாவுக்கு மனசு சரியில்லன்னு சொன்னேன். இந்த வயசுல இதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும்."

சித்திரையில் இலுப்பூர் வந்தேன். அங்கே தார் ரோடு இளகிக்கொண்டிருக்க, நான் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வைக்குள் இருந்தேன். மாதா கோயிலுக்குப் போனால் சொந்தக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். "வெளிநாட்டுக் குளிரு ஒடம்புல ஏறிருச்சு டீச்சர்." ஹாம்பர்க்கில் இந்த ஊர்மேல் பழி, இங்கே அந்த நாட்டின்மேல் பழி. என் உடம்பை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எரிச்சலில் அழுதேவிட்டேன்.

தங்கை செலின்தான் பொறுக்காமல் கத்தினாள். "ஊரே வேகுது, நீ நடுங்குற. இது வயசும் இல்ல, ஏக்கமும் இல்ல. கெளம்புக்கா, புதுக்கோட்டைக்குப் போவோம்."

அங்கே ஒரு பெண் டாக்டர் என் வீங்கிய முகத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும், "தைராய்டு சரியா சுரக்கலம்மா. வயசானவங்களுக்கு இது மெதுவா வரும். வயசுதான்னு எல்லாரும் விட்டுருவாங்க" என்றார். இதயத்துக்குச் சுமையாகிவிடக்கூடாது என்று குறைந்த அளவில் மாத்திரை தொடங்கினார். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், காபி அப்புறம்தான். நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருடம் என்னை நானே கிழவி என்று நம்பியிருந்தேனே!

சில வாரங்களில் குரல் தெளிந்தது. செலினோடு சந்தைக்கு நடந்தேன். "இங்கயே இருந்துரு அக்கா" என்றாள் அவள். "எப்ப வாரீங்க? பிள்ளை தேடுறான்" என்றாள் ஸ்டெல்லா போனில். இரண்டு பேருக்கும் சரி என்றேன். கிளம்புகிற அன்று காலை மறுபரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே திருச்சி விமான நிலையம் போனேன்.

ஹாம்பர்க்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செலின் கூப்பிட்டாள். "ரிசல்ட் வந்துருச்சுக்கா. இரு, படிக்கிறேன்." பஸ் வந்து கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை. புதுக்கோட்டையில் விட்டுவந்த என் ரத்தம் என்னைப் பற்றி என்ன சொல்கிறதென்று, இங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.