இடது பெட்டியில் நின்ற பெயர்

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. சத்தியமாக நடந்தது. போன மழைக்காலத்தில், திலக் நகர் பக்கம் ஒரு தர்ம டயாலிசிஸ் சென்டரில். நம்பாதவர்கள் மாட்டுங்கா நகுலைக் கேட்டுப்பாருங்கள், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வான். அதற்கப்புறம் அங்கே நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் அவன் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

நகுல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். அவன் அம்மா ராஜலக்ஷ்மிக்கு அங்கேதான் டயாலிசிஸ். அந்த நன்றிக்காக, மாதவ் என்பவன் எழுதிவிட்டுப் போன சென்டர் புரோகிராமை இவன் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய பிரமாதம் ஒன்றும் இல்லை. திரையில் இரண்டு லிஸ்ட் பாக்ஸ். இடது பெட்டியில் காத்திருப்பவர்களின் பெயர்கள். நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து 'உள்ளே' பட்டனை அமுக்கினால், அந்தப் பெயர்கள் வலது பெட்டிக்குப் போகும். பெயரோடுதான் யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற விவரமும் உள்ளே போகும். அது போகாமல் மிஷின் மாட்ட முடியாது. வரிசையில் மேலே இருப்பவரைத் தாண்டிக் கீழே இருப்பவர் போகவும் முடியாது.

அன்றைக்கு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. முந்தின தடவை ரயில் நின்றுபோய் அம்மாவால் வர முடியவில்லை. இப்போது உடம்பெல்லாம் நீர் ஏறி, மூச்சு வாங்க, நாற்காலியில் சரிந்து கிடந்தாள்.

"நகுல்... முடியலைடா."

கவுண்டரில் தாராவி பிரேமலதா பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒரு பேரு போவ மாட்டேங்கு. அது போனாத்தான் அம்மா பேரு போவும்."

இடது பெட்டியில் இரண்டே பெயர்கள். மேலே முருகம்மாள். கீழே ராஜலக்ஷ்மி.

"யாரு இவங்க? வந்திருக்காங்களா?"

"தெரியாது சார், நான் புதுசுல்லா. அந்தப் பேர நான் போடவே இல்ல."

நகுல் அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் முதலில் சந்தேகப்பட்டது, பெயர்களை நீக்கும் வரிகளை. லிஸ்ட் பாக்ஸில் மேலிருந்து கீழாக நீக்கினால் வம்பு. ஒரு பெயரை எடுத்ததும் அதற்குக் கீழே இருப்பது அந்த இடத்துக்கு ஏறிவிடும். புரோகிராமோ அடுத்த இடத்துக்குத் தாவிவிடும். ஏறிவந்த பெயர் கையில் சிக்காமல் அங்கேயே நின்றுவிடும். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது பண்ணுகிற தப்பு. கீழிருந்து மேலாக நீக்க வேண்டும். மாதவ் அப்படித்தான் எழுதியிருந்தான். தப்பே இல்லை.

டேட்டாபேஸில் தேடினான். அன்றைய பதிவில் முருகம்மாள் என்று யாருமே இல்லை.

இல்லாத பெயர் எப்படித் திரையில் வரும்?

பெட்டியை முழுக்கக் காலி செய்தான். அம்மா பெயர் மறைந்தது. பெட்டியில் எத்தனை பெயர் என்று கேட்டான். பூஜ்யம் என்றது புரோகிராம். திரையில் முருகம்மாள் அப்படியே இருந்தாள்... தேர்ந்தெடுத்த நீலப் பட்டையோடு.

அம்மா பெயரை மறுபடி சேர்த்தான். அது இரண்டாவதாகத்தான் போய் நின்றது. வரிசை நிபந்தனையையே அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஊஹூம்.

"ஜல்தி பையா, சீக்கிரம்! மிஷின் ரெடி, பேரை அனுப்புங்க!" உள்ளேயிருந்து நர்ஸ் சைனப் கத்தினாள்.

அம்மாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நகுலுக்கு அழுகை வெடித்தது.

"போயிடுங்களேன்... உங்களுக்குப் புண்ணியமாப் போகும்..." திரையைப் பார்த்துக் கெஞ்சினான்.

அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் கீழே தரை மட்டும் ஈரம். இரண்டு செருப்புத் தடங்கள்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெயரை அழிக்கத்தான் பார்த்தான். ஒரு தடவையாவது கூப்பிட்டானா?

எழுந்து நின்றான்.

"முருகம்மாள்... உள்ளே வாங்கோ."

சரக்... சரக்...

ஈரச் செருப்பு.

உள் கதவு திறந்தது. மூடியது.

டிங்!

இடது பெட்டியில் அம்மா பெயர் மட்டும். பட்டனை அமுக்கினான், அதுவும் போனது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் தெளிந்ததும் அவளாகவே சொன்னாள்: "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி, என் கையைப் பிடிச்சுண்டே இருந்தாடா. கை ஜில்லுனு இருந்தது. 'இன்னைக்கு உங்களுக்கு முன்ன நான் வந்துட்டேன்க்கா'ன்னு சிரிச்சா."

பக்கத்துக் கட்டிலில் அன்றைக்கு யாரும் இல்லை என்றாள் சைனப்.

நகுல் வெளியே வந்து மாதவுக்குப் போன் போட்டான். பெயரைச் சொன்னான்.

"தாராவியிலேருந்து வந்துண்டிருந்த அம்மா," என்றான் மாதவ். "போன வருஷம். அப்போ நான் மேலேருந்து கீழதான் நீக்கிண்டிருந்தேன். மேல இருந்த பேர் போனதும் அவ பேர் அந்த இடத்துக்கு ஏறி, போகாம நின்னுடுத்து. கவுண்டர்ல இருந்தவா அடுத்த ஷிப்டு ஆளுன்னு நினைச்சுட்டா. பேரைக் கூப்பிடுவான்னு இவ நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தா, பாவம். சாயந்தரம் எழுப்பினா... எழுந்துக்கலை. அப்புறம்தான் அதைத் திருத்தி, வரிசை நிபந்தனையும் போட்டேன்."

நகுல் கேட்டான்:

"அன்னைக்கு அவளுக்கு மேல யார் பேர் இருந்தது?"

"வேண்டாம், விடு."

"சொல்லுடா."

"உங்கம்மா."