யவனருக்கு எந்த ஊர்?

எங்கள் கடையில் யார் வந்து கயிறு கேட்டாலும் முதலில் "எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமானை எடுப்போம். புன்னைக்காயலா, பெரியதாழையா, யார் தோணி, எங்கே போகிற தோணி என்று தெரிந்த பிறகுதான் கை அலமாரிப் பக்கம் போகும். இது வியாபாரத் தந்திரமெல்லாம் இல்லை. ஆளைத் தெரியாமல் சாமான் கொடுத்தால் எங்களுக்கு மதியச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது கடை. கயிறு, பெயிண்ட், ஆணி, தார்ப்பாய் என்று தோணிக்கு வேண்டியதெல்லாம் விற்கிறோம். தோணி என்றால் மீன்பிடிப் படகு இல்லை. மாலத்தீவு வரைக்கும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப் போகிற மரக்கப்பல். காலையில் என் கணவர் கடையைப் பார்ப்பார். மதியத்துக்கு மேல் நான் உட்காருவேன்.

ஒருநாள் மதியம் சுற்றுலா வேன் ஒன்று கடை முன்னால் நின்றது. வெள்ளைக்காரர்கள் சிலர் இறங்கித் தேங்காய்நார்க் கயிற்றுச் சுருளைப் போட்டோ எடுத்தார்கள். கூட வந்த வழிகாட்டிப் பையன் என் கடையைக் கைகாட்டி, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரி வியாபாரிகள் இந்தக் கரைக்கு வந்து முத்து வாங்கினார்கள் என்று ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. நானும் தபால் வழியில் வரலாறு பி.ஏ. படித்தவள்தான். யவனர் வந்தனர், பொன் தந்தனர், முத்து கொண்டுசென்றனர் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த யவனர் எந்த ஊர், என்ன பேசினார்கள், ஊரில் அவர்களுக்கு என்ன பாடு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கயிறு வாங்க வருகிறவரை இத்தனை கேள்வி கேட்கிறவள், முத்து வாங்க வந்தவரை விட்டுவிட்டேனே என்று அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் வந்தால் எனக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்றுக்கு ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் ஒரு வருட வகுப்பு நடத்துவதைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டேன். விடைகளைத் தமிழிலேயே எழுதலாம் என்றார்கள். முதல் பாதியில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஒரு முறை வகுப்பில் பேச வேண்டும். இரண்டும் தேறினால்தான் இரண்டாம் பாதி. இரண்டாம் பாதியில்தான் கிரேக்கமோ லத்தீனோ எழுத்திலிருந்து சொல்லித் தருவார்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் வேண்டும். அவர்கள் எழுதிவைத்ததை வேறொருவர் சொல்லிக் கேட்காமல் நானே படிக்க வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. இந்த வயதில் வருகிற ஆசை லேசில் விடாது.

ஆரம்பம் படு மோசம். எல்லாரையும் போல நானும் பேரரசர்களில் தொடங்கினேன். அப்பன், மகன், தத்துப்பிள்ளை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். ஒருவரை ஒருவர் குத்திக்கொல்வதைத் தவிர வேறு ஜோலி இல்லை. எவன் எவனைக் கொன்றான் என்று குழம்பி, அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் உள்ளே போனேன், துறைமுகம் வழியாக. ஏதென்ஸ் நகரம் ஓரிடம், அதன் துறைமுகம் வேறிடம் என்று படித்ததும் நம்ம ஊர் மாதிரிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோமாபுரி தன் சோற்றுக்கு எகிப்திலிருந்து வரும் கோதுமைக் கப்பலைப் பார்த்துக் கிடந்த ஊர் என்று தெரிந்தபோது அந்தப் பெரிய சாம்ராஜ்யத்தின் மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. கிரேக்கரும் ரோமரும் இரண்டு வேறு கூட்டம், வேறு பாஷை, ஒருவரை ஒருவர் கொஞ்சம் கேலியாகவே பார்த்தவர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாம்தான் சேர்த்துக் கட்டி யவனர் என்று ஒரே மூட்டையில் போட்டுவிட்டோம்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏளா, ரோமாபுரியில இன்னைக்கு டீ உண்டா இல்லியா?" என்பார். நான் எழுந்திருக்காவிட்டால் அவரே போய்ப் போட்டு எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவருவார். கேலிக்குக் குறைச்சல் இருக்காது, டீக்கும்தான்.

கட்டுரைக்கு வந்த கேள்வி இதுதான்: எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் எந்த மாதத்தில் புறப்பட்டன, ஏன்? பாடத்தில் ஜூலை என்று இருந்தது. ஜூலை என்றால் ஆடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற அடியில் இங்கே ஒரு தோணியும் வெளியே போகாது. எல்லாத் தோணியையும் கட்டிப்போட்டு மராமத்து பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் ஆடியில் வியாபாரம் படுத்தாலும் எங்கள் கடைக்கு அப்போதுதான் பெயிண்டும் ஆணியும் பறக்கும். ஆடியைப் பற்றி எனக்கா பாடம்?

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று, கடைக்கு வந்த தண்டலிடம் கேட்டேன். தண்டல் என்றால் தோணியை ஓட்டிப் போகிற தலைவர். முப்பது வருஷமாக மாலத்தீவு போய்வருகிற மனுஷர்.

"தங்கச்சி, ஆடியில எவன் கடல்ல எறங்குவான்? கிறுக்குப் பிடிச்சவனா அவன்?" என்றார்.

போதாதா? பாடத்தில் இருப்பது தவறு, ஜூலையில் எந்த மாலுமியும் புறப்பட்டிருக்க முடியாது, நான் கரைக்காரி சொல்கிறேன் என்று கட்டுரையை முழங்கித் தள்ளிவிட்டேன்.

தேறவில்லை என்று திரும்பி வந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அடுத்த வகுப்பில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "நீங்க சொல்ற காற்று உண்மை. ஆனா அது எந்தத் துறைமுகத்து ஆடி? அதை யோசிச்சுட்டு வாங்க. கட்டுரையையும் சேர்த்து உங்க பேச்சை வச்சு முடிவு பண்ணிக்கலாம்." மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. ஆடி என்ன, ஊருக்கு ஊர் வேறா வரும்? மூன்று நாள் அந்தக் கட்டுரையைத் திறக்கவே இல்லை. வகுப்பையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பேச்சிலும் விழுந்தால் இரண்டாம் பாதி போய்விடும். நான் கடைக்கல்லாவில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத கிரேக்க எழுத்துகளைப் போனில் வெறும் படமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது எனக்குத் தாங்காது.

வைகாசி பிறந்திருந்தது. ஆடி மராமத்துக்கு வேண்டிய பெயிண்ட் இன்னும் வரவில்லை. மும்பையிலிருந்து சரக்கு அனுப்புகிற ஏஜென்டைப் போனில் பிடித்தேன்.

"இப்போ அங்க சீசனே இல்லையேக்கா, என்ன அவசரம்?" என்றான்.

எனக்கு வந்தது கோபம். "ஏலே, இங்க சீசன் பொறந்த பொறவு நீ அங்கன இருந்து அனுப்புனா, சரக்கு வந்து சேருததுக்குள்ள தோணி எல்லாம் கடல்ல எறங்கிரும்லா. இங்க ஆள் இல்லாதப்ப நீ கெளம்புனாத்தான் ஆள் வாரப்ப சரக்கு..."

எந்தத் துறைமுகத்து ஆடி என்று பேராசிரியை கேட்டது அப்போதுதான் உறைத்தது. "அக்கா, அக்கா" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆடியில் அந்த யவனர்கள் இந்தக் கடலில் இருக்கவே இல்லை. ஆடியில் எகிப்துக் கரையை விட்டு, வடகாற்றில் செங்கடலுக்குள்ளேயே தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். அதைக் கடந்து பெருங்கடலுக்கு வரும்போது ஆவணி. அதே கச்சான் கொஞ்சம் தணிந்து, முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இந்தப் பக்கம் தள்ளிவிடும். நம் கரையில் காற்று அடங்கித் துறைமுகம் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்கள். கிறுக்குப் பிடித்தவர்கள் இல்லை. நல்ல ஏஜென்டுகள். பிசகியது என் புத்திதான். சரக்கு வந்து சேர்கிற இடத்திலேயே பிறந்து வளர்ந்ததால், அது புறப்படுகிற இடம் ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோனது.

அதோடு விடவில்லை. அதே வழியில் முத்தையும் பிடித்தேன். முத்துக்குளிப்பு நடந்தது கடல் தெளிந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில். கப்பல் வந்ததோ புரட்டாசியில். திரும்பிப் போனது மார்கழி வாடையில். அப்படியானால் முத்து எடுக்கிற காலமும் கப்பல் நிற்கிற காலமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

பேச வேண்டிய மாலை வந்தது. கடையின் பின்னறையில், பெயிண்ட் டின்களுக்கு நடுவே கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் என் கட்டுரை எங்கே தவறியது என்று சொன்னேன். பிறகு காற்றைச் சொன்னேன். கடைசியில் முத்தைச் சொன்னேன். "கடலில் எடுத்த முத்தை வாங்கி, ஆடி முழுக்கப் பூட்டிவைத்து, கப்பல் வரும் என்று நம்பிக் காத்திருந்த ஒருவர் இந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல் ரோமாபுரிச் சீமாட்டியின் காதில் முத்து ஏறியிருக்காது" என்றேன்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று பேராசிரியை கேட்டார்.

"இல்லை. இது என் அனுமானம். மாதங்கள் ஒட்டாததால் சொல்கிறேன்."

"பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மலபாரோட நின்னிருக்கும்னு சொல்றாங்களே?"

"அப்படியென்றால், முத்தை இங்கிருந்து மலபாருக்குக் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்த இன்னொருவரும் வேண்டும். ஆள் கூடுகிறதே தவிரக் குறையவில்லை."

பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ரெண்டாம் பாதியில கிரேக்கம் எடுக்குறீங்களா, லத்தீனா?"

அப்படியென்றால் நான் தேறிவிட்டேன்.

"கிரேக்கம்" என்றேன். எகிப்திலிருந்து கிளம்பிய வியாபாரிகள் கணக்கு எழுதியது பெரும்பாலும் கிரேக்கத்தில்தான். அவர்களை அவர்கள் பாஷையிலேயே விசாரித்துக்கொள்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் கடையில் என் கணவரும் தண்டலும் நின்றிருந்தார்கள். நான் பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கிறது. வெளியே வந்தபோது என் கணவர் தண்டலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் காலத்துக் கப்பல்காரன் என்னைக்குக் கெளம்புனான், என்னைக்கு வந்து சேந்தான்னு எல்லாம் இவளுக்குத் தெரியும். நீங்களும் நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

இன்னொரு சமயமாக இருந்தால் அட சும்மா இருங்க என்று அடக்கியிருப்பேன். அன்று அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டேன்.