கொள்ளிடத்தில் தடம் அழிப்பவர்

முக்கொம்புக்குக் கீழே கொள்ளிடத்து மணலில், மாசிப் பனி விலகாத ஒரு காலையில் அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தலையில் ஈரத் துண்டு. பின்னோக்கி நடந்தபடியே தென்னங்கீற்றால் மணலைக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்னங்க பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஆமை ஏறி முட்டை வச்சிருக்குங்க. தடத்தைப் பார்த்தா நாயும் தோண்டும், மனுஷனும் தோண்டுவான். அதான் அழிச்சு விடறேன்."

எனக்கும் உதவ ஆசை. முட்டையை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, அவர் கூட்டி முடித்த இடத்தில் அடையாளமாக ஒரு குச்சியை நட்டேன். அவர் வந்து அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்.

"திருட வர்றவனுக்கு நீங்களே வழி காட்டுறீங்களே!"

"அப்புறம் உங்களுக்கு எப்படி இடம் தெரியும்?"

"எனக்கும் தெரிய வேணாங்க. தெரிஞ்சா என்னிக்காவது வாய் தவறிச் சொல்லிடுவேன். நீங்க கிளம்புங்க."

செருப்பு ஆழமாகப் பதிய, ஈர மணலில் நடந்தேன். பின்னால் சின்னச் சத்தம்கூட இல்லை. கரையோரம் நின்று திரும்பினேன். அவரைக் காணவில்லை. என் தடம் ஒன்றுகூட இல்லை. என் குதிகாலை ஒட்டிக் கீற்று இழுத்த கோடுகள் புதிதாகக் கிடந்தன.

அந்த இடம் எது என்று கேட்டால், இன்று எனக்கும் சொல்லத் தெரியாது.