எஞ்சின் ஆறும் வரை

போன வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். கோலார் தங்க வயலிலிருந்து பூதிகோட்டை போகும் சாலையில் நடந்தது இது.

என் கணவர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். வீட்டில் நானும், கணவர் ஆசையாக வைத்திருந்த பழைய டீசல் காரும்தான். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்று சனிக்கிழமைதோறும் அதை வெளியே எடுப்பேன். போவதற்கென்று இடம் எதுவும் கிடையாது. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

அன்றைக்கு ஒரு மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஏசியை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆனாலும் முள் இறங்கவில்லை. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் உள்ளே கொதிக்கிற சத்தம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது.

போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? மகன் இருக்கும் ஊரில் அப்போது நடுராத்திரி. மெக்கானிக் நம்பரெல்லாம் கணவரின் போனோடு போயிற்று. பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தேன். வண்டி நின்றதற்கு அழவில்லை, கூப்பிட ஆளில்லை என்பதற்குத்தான் அழுகை வந்தது.

அப்போது ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றார். என்னைவிட இளையவர். இரண்டு பக்கமும் காலி பால் கேன்கள்.

"இன்னாக்கா, வண்டி நின்னுபூச்சா?"

"சூடாயிடுச்சும்மா. ஃபேன் சுத்தல."

"தண்ணி ஊத்துனா சரியாப்பூடும்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். நான் கத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மூடி லேசாக நகர்ந்திருந்தது. அந்த இடுக்கில் ஆவி சீறிக்கொண்டு அடித்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவர் முகம் வெந்திருக்கும். என் குரல் அவ்வளவு உரக்க வந்து பல மாதம் ஆகியிருந்தது.

பயந்து கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து வந்து, என்னருகே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறட்டும்க்கா. நா இருக்கறேன்."

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவருடைய மாடுகள், தக்காளி விலை, ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் அவர் வீட்டுக்காரர். "உங்க வூட்டுக்காரு வரலியா?" என்று கேட்டார். சொன்னேன். என் பக்கம் திரும்பி, "காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்றார். அப்படி யாரும் என்னிடம் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது. ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்தே கொடுத்தார்.

ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் சுடாத அளவுக்கு வந்ததும், துணி போட்டு மூடியை மெதுவாகத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். எஞ்சினைப் போட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க ஏசியை அழுத்தினேன். ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே போயிருக்க வேண்டும். என் கணவர் ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடித்து நின்றவள் நான். எங்கள் வண்டியில் ஹாரன் ரிலேயும் அதே மாதிரிதான் இருக்கும். அதைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தார்.

ஆனால் இப்போது வண்டிக்கு ஹாரன் இல்லை. திரும்பும் வழியில் இருக்கும் மார்க்கெட் நெரிசலை நினைத்துத் தயங்கினேன்.

"நா முன்னால போறேன்க்கா, பின்னாலயே வாங்க. ஆரன் நா அடிக்கறேன்" என்றார்.

அவர் வீடு எதிர்த்திசையில். ஆனாலும் தங்க வயலில் மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் என் தெரு வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும் எனக்காக ஹாரன் அடித்துக்கொண்டே மெதுவாகப் போனார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பால் கறக்கும் நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது வீட்டுக்குள் போன பிறகுதான் உறைத்தது.

அதே சாலையில் எத்தனையோ முறை போய் வந்துவிட்டேன். அவரைப் பார்க்கவில்லை. வீட்டில் இன்றும் பேச ஆளில்லை. ஆனால் எனக்கென்று யாரிருக்கிறார்கள் என்று மனம் கேட்கும்போதெல்லாம், யாரென்றே தெரியாத எனக்காக வந்த வழியே திரும்பிப் போன அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் மனம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.