எதிர்மலைக்கு ஒரு மைக்

“…சத்தம் கேக்குது மாமா, ஆனா அதுல நீ இல்லியே. தகர டப்பாவுல கல்லு போட்டு உருட்டறாப்புல இருக்குது,” என்றாள் என் மனைவி லட்சுமி. ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டில் எங்கள் கொல்லைமேட்டுப் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். போலந்திலிருந்து நான் பாடி அனுப்பிய முதல் பதிவை அங்கே நின்று கேட்டுவிட்டுத்தான் இப்படிச் சொன்னாள். “பிரிட்ஜ் ஒறுமறது கேக்குது. வண்டி போறது கேக்குது. உன்னியத்தான் காணோம்.”

நான் இருக்கும் இந்தப் போலந்து ஊரில் டிராம் நிறைய ஆள் இருந்தாலும் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் மலையில் பேச்சே தூரத்துக்கானது. சாமை கதிர் பிடித்தால் கிளியையும் பன்றியையும் விரட்ட ஆளுக்கொரு பரண் கட்டுவோம். இந்தப் பரணிலிருந்து ஒருவர் ஓரடி பாடினால், எதிர்மலைப் பரணிலிருந்து மறு அடி வரவேண்டும். வராதவரை முதல் ஆள் அடுத்த அடிக்குப் போகக்கூடாது, அது முறை. லட்சுமியை நான் முதலில் கேட்டது அப்படித்தான், பார்த்தது அப்புறம். ரொட்டித் தொழிற்சாலை வேலைக்கு நான் இங்கே வந்ததும் அவள் பாட்டை விட்டுவிட்டாள். “எதிர்ல ஆள் இல்லாம இன்னாத்துக்குப் பாடறது, காத்துக்கா?” என்பாள். என் அடி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவள் அடி வரும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு மைக் ஆசை பிறந்த கதை இதுதான்.

எங்கள் பக்கத்துத் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். அந்த அறிவை வைத்துக்கொண்டு, கணினியில் நேராகச் செருகும் மைக்குகளில் பெரியதாகப் பார்த்து வாங்கினேன். கண்டென்சர் என்று பெயர். எதிர்மலை வரை போகவேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினேன். திரையில் சத்த அளவு காட்டும் பச்சைக் கோடு முழுக்கச் சிவந்தது. பாராட்டுகிறது என்றே நினைத்துக்கொண்டேன்.

லட்சுமியின் தீர்ப்புக்குப் பிறகு, அந்த மைக்கைத் தூக்கிக்கொண்டு, பழைய இசைக்கருவி விற்கும் மாரெக் என்பவரின் கடைக்குப் போனேன். ஃபோன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். எதிர்மலைக்குக் கேட்க வேண்டும் என்றேன். திறந்தவெளிக் கச்சேரியா, எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். “ஒரே ஒருத்தி” என்றேன். மொழிபெயர்ப்பு கெட்டுவிட்டதோ என்று அவர் ஃபோனைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் என் குரலை விட்டுவிட்டு அறையை விசாரித்தார். தரை என்ன, திரைச்சீலை உண்டா, ஜன்னல் எந்தப் பக்கம். மனுஷன் பெண் கொடுக்கப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். விஷயம் வேறு: வெற்று அறையில் கண்டென்சர் எல்லாவற்றையும் குடித்துவிடுமாம். அதை அவர் மாற்றுக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிடிக்கும் பழைய டைனமிக் மைக் ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியும், காதை மூடும் ஹெட்போனும் தந்தார். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம் என்று கையை ஆட்டினார். விரலுக்கேத்த வீக்கம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள். புதிதாகத் தொடங்குபவர்களே, மைக்கைப் பார்க்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

வாசல்வரை வந்து, மெதுவாகப் பாடு என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அப்படியே செய்தேன். பாட்டு செத்துப்போயிற்று. பரண்பாட்டை மைக்கின் காதில் முணுமுணுத்தால், மாமியார் வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கிற மாப்பிள்ளைக் குரல்தான் வந்தது.

ஒரு ஞாயிறு காலை யோசித்தேன். குறையவேண்டியது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் திருகு. தொண்டை ஏன் குறையவேண்டும்? திருகை நன்றாக இறக்கினேன். பின்னால் ரஜாயைத் தொங்கவிட்டேன். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிராம் கடக்கட்டும் என்று காத்திருந்தேன். மைக்கிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, ஜன்னலுக்கு நேரே இருந்த அடுக்குமாடியையே எதிர்மலையாக வைத்துப் பாடினேன்.

“சாமக் கதிர் தல சாஞ்சா, சாய்ச்சதாரு சொல்லு புள்ள?”

கோடு பச்சையிலேயே நின்றது. எதிர்மாடியில் ஓர் அம்மா திரையை விலக்கிப் பார்த்தார். மறு அடி பாடவில்லை, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அனுப்பிவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். லட்சுமி பாறையில் நின்றபடி முழுக்கக் கேட்டாள். நான் அடுத்த அடிக்குப் போகவில்லை, முறை முறைதான்.

“எப்டி இருக்குது?” என்றேன்.

“இரு, வர்றேன்,” என்றாள்.

ஃபோனைப் பாறைமேல் மல்லாக்க வைத்தாள். என் திரையில் ஜவ்வாது மலை வானம் மட்டும். ஜன்னலில் இந்த ஊர் வானம். அவள் ஃபோனைப் பார்த்துப் பாடவில்லை. எதிர்மலைப் பக்கம் திரும்பி, குரலெடுத்துப் பாடினாள்: “சாய்ச்ச காத்து கடல் தாண்டி, ரொட்டி சுடப் போச்சு மாமா.”