சிவப்பு வைத்த பல்சக்கரம்

என்னிடம் ஒரு பித்தளைப் பல்சக்கரம் இருக்கிறது. ஐம்பத்தெட்டுப் பற்கள். இருமல் மாத்திரை வந்த தகர டப்பாவில் பஞ்சு வைத்து, அலமாரியின் இரண்டாம் தட்டில் பல வருடங்களாக வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை எடுத்து, நகத்தால் ஒவ்வொரு பல்லாக நெருடி எண்ணுவேன். ஐம்பத்தேழு வந்தால் மனம் பதைக்கும், மறுபடி எண்ணுவேன். பித்தளைப் பல் விழுந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் சரிபார்க்காமல் மூடியை மூட எனக்கு வராது. அதன் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் ஒரு தீற்றல் இருக்கிறது. அரை அங்குல நீளம். அதை வைத்தது நான்தான்.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். முதலாளியையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். தையல் மெஷினுக்கும் மீட்டருக்கும் போகிற சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் எங்கள் சரக்கு. என் மேஜைக்கு வந்து, டயல் கேஜில் சுற்றிப் பார்த்து, முள் வரம்புக்குள் நின்றால் பச்சைப் புள்ளி. வரம்பைத் தாண்டினால் சிவப்புத் தீற்றல், அப்புறம் கழிவுப் பெட்டி. ஆட்கள் எனக்கு வைத்த பெயர் ‘செவப்பு சாரு’. என் காதில் விழாது என்று நினைத்துத்தான் சொன்னார்கள். நான் அதையும் எண்ணியிருக்கிறேன். ஒரு நாளைக்குச் சராசரி நான்கு தடவை.

அங்கே லேத்தில் வேலை செய்தவரை எல்லோரும் டர்னர் என்றுதான் கூப்பிடுவோம். கள்ளிக்குப்பத்துக்காரர். அவருடைய அப்பா ஏரிப் பாசனத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். வயல்கள் மனைகளானபோது மகன் லேத்துக்கு வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் ஏழே மாதம். நான் திருமுல்லைவாயிலில் ஓட்டு வீடு ஒன்றின் ஒரு பகுதியில் தனியாகக் குடியிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, தள்ளிப்போட்டே ஆகாமல் போயிற்று. ஒரு சனிக்கிழமை சரக்கு கொண்டுவந்து வைத்தவர் கேட்டார்: “ஞாயித்துக்கெயம ஊட்ல இன்னா சார் பண்ற? ஓட்ட எண்ணிகினு கீறியா?” நானூற்றுப் பன்னிரண்டு என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “காலைல ஆறு மணிக்கு கொரட்டூர் ஏரிக்கு வா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விரால் பிடிப்பவர். கையால் வீசுகிற தங்கூசி என்கிற நைலான் இழையும், தவளையோ மண்புழுவோ கோத்த முள்ளும்தான் அவர் சாமான். கப்பலில் வேலை செய்த அவருடைய மச்சான் அந்த வருடம் ஒரு பொம்மை மீன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விரல் நீளம், பச்சை முதுகு, வாய்க்குக் கீழே கரண்டி மாதிரி ஓர் உதடு. இழுத்தால் அந்த உதடு தண்ணீரை வெட்டி மீனைக் கீழே முங்க வைக்கும். மீன் தலையை ஆட்டி ஆட்டி வரும். ஆனால் கையால் வீசினால் கரையோரப் பாசியைத் தாண்டவில்லை. விரால் இருந்தது அதற்கு அப்பால். கைப்பிடியைச் சுற்றினால் தங்கூசியைச் சுருட்டுகிற ரீல் ஒன்று வேண்டும் என்றார் டர்னர். இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவதாக முடிவாயிற்று.

மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போய் இறங்கி, பர்மா பஜாரில் பத்தொன்பது கடை ஏறினோம். எங்கள் கைக்கு எட்டிய விலையில் இரண்டே ரீல்கள் கிடைத்தன, இரண்டும் ஒரே கடையில், ஏறக்குறைய ஒரே விலையில். ஒன்று புதுசு, பளபளப்பு. மற்றது யாரோ உழைத்துப் பழசாக்கியது. பக்கமெல்லாம் கீறல், கைப்பிடியில் நிறம் போயிருந்தது. நான் பேனாவால், தங்கூசி சுருள்கிற உருளையில் ஒரு புள்ளி வைத்துச் சுற்றிப் பார்த்தேன். கைப்பிடி ஒரு சுற்றுக்குப் புதியதின் உருளை ஆறு சுற்றியது. பழையது ஐந்துகூட முழுதாகச் சுற்றவில்லை. எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

“ஆறு, டர்னரே. அதே வேலைக்குக் கை குறைச்சலா சுத்தினா போதும்.”

அவர் பழையதைக் காதில் வைத்து, டிரான்சிஸ்டர் கேட்பதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். “கை கொறச்சலா சுத்தும் சார். அந்தப் பொம்ம தண்ணிய வெட்டிகினு வரணுமே, அது கனம் கீது. கனமான வேலைய வேகமா கடைஞ்சா லேத்துல இன்னா ஆவும்? டூலு பூடும். இது பொறுமையா சுத்துது, பாரு.”

“கண்ணால பாத்துச் சொல்றது வேற, கணக்கு வேற.”

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “அண்ணாத்தே, ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா மாதிரி காதெல்லாம் வெச்சிப் பாக்குறியே. எதுனா ஒண்ணு சொல்லு, வியாபாரம் கெடுது.” டர்னர் சிரித்துக்கொண்டே பழையதை வைத்துவிட்டார். “சரி, படிச்சவன் நீ சொல்ற. புச்சே குடு நைனா.”

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வீசியதில் பதினேழு தடவை தங்கூசி சிக்கிக்கொண்டது. பொம்மை தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் சுற்றும். கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. “இன்னா சார், இடியாப்பம் புழிஞ்சிட்ட? தேங்காப்பாலு எடுத்தாரட்டா?” என்றார் டர்னர். அவர் விரலுக்கு அது நாலாவது வீச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் வீசுவதல்ல, இழுப்பதுதான் பிரச்சினை. கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பொம்மை ஒருக்களித்துப் புரண்டு மேலே வந்துவிட்டது. மெதுவாகச் சுற்றினால் தண்ணீரின் கனம் மணிக்கட்டில் ஏறியது. பழைய ரீலாக இருந்தால் இரண்டுமே இராது. எனக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவரும் குத்திக்காட்டவில்லை, அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். “சார், உனக்குத்தான் எண்றது கைவந்த கலையாச்சே. கெடிகாரம் மாதிரி நீ எண்ணு. உன் எண்ணுக்கு ஒரு சுத்து. அப்பத்தான் என் கை ஓடாம நிக்கும்.” அப்படியே செய்தோம். அவர் முழங்கால் தண்ணீரில் நிற்பார். நான் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது என்று நான் சொன்னபோது தண்ணீர் உடைந்தது. ரீலைக் கட்டியிருந்த மூங்கில் கழி வளைந்தது. நான் பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். “யோவ், எண்ணாத சார், வலைய எடு!” என்று கத்தினார். என் முழங்கை நீளத்துக்கு இரண்டு விரற்கடை குறைவான விரால். கரையில் கிடந்து துள்ளியதைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “நீ பாதி புடிச்ச, நான் பாதி புடிச்சேன்.”

அதற்கு முன்னும் பின்னும் என் எண்ணிக்கை யாருக்கும் பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. முப்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். மொத்தம் பதினான்கு விரால். திங்கள் முதல் சனி வரை நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும், அந்தக் கரையில் ஒரு காலையில் எண்ணிய அளவுக்கு வந்திராது. அதனால் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் ஒரு தகர டப்பா இருமல் மாத்திரை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். “உன் தொண்ட பூட்சின்னா எவன் எண்றது? இரு, நான் ரீலுக்கு வேற சக்கரம் வெட்டிடறேன். மெதுவா சுத்துற மாதிரி.”

உள்ளே இருந்தது அறுபது பல் சக்கரமும் பத்துப் பல் சக்கரமும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாற்ற முடியாது. ஆகவே கூட்டுத்தொகை எழுபதாகவே இருக்கவேண்டும். ஐம்பத்தெட்டும் பன்னிரண்டும் என்று கணக்குப் போட்டுக்கொடுத்தேன். முதலாளி சிரித்துக்கொண்டே, துண்டுப் பித்தளையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினொரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் டர்னர் கடைந்தார், பல் வெட்டினார், அரத்தால் பிசிறு எடுத்தார். நான் என் அறைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் மற்ற சரக்குத் தட்டுகளோடு ஒரு சின்னத் தட்டும் என் மேஜைக்கு வந்தது. பட்டறை வழக்கப்படி வேலைச் சீட்டுகூட வைத்திருந்தார். பார்ட்டி பெயர் என்ற இடத்தில் ‘கொரட்டூர் வெராலு’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. வாசலில் கையைத் துடைத்தபடி அவர் நின்றார். பின்னால் இன்னும் நான்கு பேர். சின்னச் சக்கரம் சரியாக இருந்தது. பச்சைப் புள்ளி வைத்தேன். பெரியதை டயலில் ஏற்றிச் சுற்றினேன். முள் மூன்று கோடு ஆடியது. வரம்பு இரண்டு. இன்னொரு முறை சுற்றினேன். மூன்று. என் கை தூரிகையை எடுத்து, சிவப்பில் தோய்த்து, தீற்றிவிட்டது.

பின்னால் நின்றவர்களில் ஒருவன் விசில் அடித்தான். “மாமே, டர்னரு ஊட்டு வேலையும் ரிஜெக்டு!”

டர்னர் முதலில் சிரிக்கத்தான் செய்தார். “இன்னா சார் இது, பித்தளைக்குப் பொட்டு வெச்சிட்ட?”

“மூணு கோடு ஆடுது, டர்னரே. வரம்பு ரெண்டுதான்.”

“யாரு போட்ட வரம்பு சார்? வெராலா? அது இன்னா கேஜ் வெச்சிகினா வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நானும் சிரித்திருக்கலாம். துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் ஈரப் பெயிண்ட் போயிருக்கும். “வரம்புன்னா எல்லாருக்கும்தான்” என்றேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப்போனதைப் பார்த்தேன். “சரி சார்” என்றார். பதினொரு நாள் வேலையைக் கழிவுப் பெட்டியில் தன் கையாலேயே போட்டுவிட்டு லேத்துக்குத் திரும்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரீலோடு ஏரிக்குப் போனேன். அவர் எதிர்க்கரையில் இருந்தார், வெள்ளை பனியனும் பழைய கைத்தங்கூசியுமாக. நானும் அவர் கண்ணில் பட்டிருப்பேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே. கரை சுற்றி நடந்தால் ஆயிரத்து எண்ணூறு தப்படிக்குள்தான் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துவைத்திருந்தேன். நடக்கவில்லை. பட்டறையில் பேசாமல் இல்லை. சரக்கு, எண்ணிக்கை, சீட்டு என்று வேண்டியதைப் பேசினார். ஐந்தாவது வாரம் அவரை எதிர்க்கரையிலும் காணவில்லை. பொங்கலுக்கு முன்பு ஓசூரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். கடைசி நாள் ஒவ்வொருவரிடமாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். நான் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். ‘பர்மா பஜாரில் நீங்க சொன்னதுதான் சரி.’ ஐந்தே சொல்லாகச் சுருக்கிக்கூட வைத்திருந்தேன். “வரேன் சார்” என்றார். “சரி” என்றேன்.

கழிவுப் பெட்டியை மாதம் ஒருமுறை பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிப்போவார். அவர் வருவதற்கு முந்திய நாள், கை கறுக்கக் கறுக்கத் தேடி, அந்தப் பெரிய சக்கரத்தை எடுத்துவந்தேன். சின்னது என் மேஜையிலேயே இருந்தது. இரண்டையும் ரீலில் போட்டுப் பார்க்க நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும். போட்டுப் பார்க்கவில்லை. ஓடாது என்று நினைத்து அல்ல, ஓடிவிடுமே என்று. தொண்ணூறுகளின் நடுவில் பட்டறை மூடியது. நான் வேறு இரண்டு இடங்களில் சிவப்பும் பச்சையும் வைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஏரிக்குக் கம்பிவேலி வந்தது. கரையில் நான் உட்கார்ந்த கல் இருந்த இடத்தில் நடைபாதை. ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது இருக்கும் அறையின் கூரையில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, ஒரே வெள்ளை.

போன மாதம் வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். கை நடுக்கமும் கூடிவருகிறது. இனித் தள்ளிப்போட்டால் திருகாணி பிடிபடாது என்று, சென்ற வாரம் ஒரு மத்தியானம் ஜன்னலருகே துண்டை விரித்து உட்கார்ந்தேன். நான்கு திருகாணி. அறுபதையும் பத்தையும் எடுத்து, ஐம்பத்தெட்டையும் பன்னிரண்டையும் வைத்தேன். ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மூடினேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கும் பிடிக்கவில்லை. பர்மா பஜாரில் அவர் காதில் வைத்துக் கேட்ட பழைய ரீலின் பொறுமை இதிலும் இருந்தது. நானும் காதில் வைத்தேன். அப்போதுதான் கேட்டது. கைப்பிடி ஒரு முழுச்சுற்று வரும்போதெல்லாம், ஒரே இடத்தில், மெல்ல ஒரு ‘டக்’. அந்த மூன்றாவது கோடு. பல்லுக்குப் பல் கொஞ்சம் நெருக்கமாகிற இடம். சுற்றுக்கு ஒரு டக். தண்ணீரில் நிற்கிறவன் விரலுக்கு அது எட்டியிருக்கும். கரையிலிருந்து யாரும் கத்தவேண்டியிருந்திருக்காது.

அவர் என் தொண்டைக்காக வெட்டிய சக்கரம் அது. அது ஓடத் தொடங்கினால் கரையில் உட்கார்ந்து எண்ண ஆள் வேண்டாம் என்பது, தூரிகையை எடுத்த அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருந்ததா? மூன்று கோட்டுக்குத்தான் சிவப்பு வைத்தேன் என்று இத்தனை வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியவில்லை. ஓசூரில் அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் அவரை அறிந்தவர் யாராவது இருந்தால், பெரிய சக்கரம் பாஸ் என்று சொன்னால் போதும். அவருக்குப் புரியும்.

தகர டப்பா இப்போது காலியாகத்தான் இருக்கிறது. சக்கரம் ரீலுக்குள் இருக்கிறது. அன்று ஜன்னலருகே சுற்றிக்கொண்டிருந்தபோது பழக்கத்தில் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று, டக். இரண்டு, டக். ஒன்பது வரை எண்ணினேன். நான் நிறுத்திக்கொண்டேன். கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் எண்ணிக்கொண்டே போயிற்று.