நீலச் சிலுவைகளும் மாமாவின் பேச்சும்

என் மனைவியின் தம்பி ருமேனியாவுக்குப் போகும்வரை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கதை என்றால் நான்தான். அப்புத்தளைக்கு ஏறும் வழியில், முச்சந்தியில் எனக்கு ஒரு தேநீர்க்கடை. பிளேன்டீ குடிக்க வருகிறவர்கள் என் பேச்சுக்காகவும் வருவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. யார் எதை அழகாகச் சொன்னாலும் மனதில் எடுத்து வைத்துக்கொள்வேன், அதுதான் என் படிப்பு. மச்சானோ வாயைத் திறக்காதவன். மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

அவன் கட்டட வேலைக்குப் போனான். கதையும் அவனோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து வீடியோ கோல் வந்தால் என் கடை வாங்குப் பலகையில் ஆள் இருக்காது. எல்லோரும் மாமியாரின் லயத்து வரிசை வீட்டில், ஒரு போனைச் சுற்றி. கார்பாத்திய மலைகளில் கரடி ரோட்டோரம் வந்து நிற்கிறதாம். வெளிச்சுவர் முழுக்கச் சாமிப் படம் வரைந்த பழைய மடங்கள் இருக்கின்றனவாம், அத்தனை மழைக்கும் பனிக்கும் இன்னும் நிறம் நிற்கிறதாம். ஒரு காலத்தில் ஒரு தலைவர் சனத்தை அரைவயிறாகப் போட்டுவிட்டு மலைபோல மாளிகை கட்டினாராம். கட்டி முடிப்பதற்குள் சனம் அவரை இறக்கிவிட்டதாம். "இது நமக்கும் தெரிஞ்ச கதைதானே" என்றேன். யாரும் திரும்பவில்லை. அங்கே சோளமாவுக் களி கிண்டித் தின்கிறார்கள் என்று அவன் சொன்னதற்கு மட்டும் அப்படி ஒரு ஆச்சரியம். களியை நாமும்தானே தின்கிறோம்? மலையும் பனியும் நமக்கில்லையா? வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

போன வருடம் மாமா, என் மனைவியின் அப்பா, காலமானார். கவ்வாத்து வெட்டியவர். பேச்சில் எனக்கு மேலே. தேயிலையை ரொம்ப ஒட்ட வெட்டுகிறாய் என்று கங்காணி சத்தம் போட்டபோது, "செடி வந்து வலிக்குதுன்னு சொல்லட்டும், நிப்பாட்டிர்றேன்" என்றவர். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. முன்னால் நின்று எல்லாம் செய்தது நான்தான்.

எங்கள் பக்கம் கருமாதி அன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, போனவர் பேசிய பேச்சுகளை எடுத்துப் பேசுவோம். தொடக்கி வைப்பது எப்போதும் நான். மாமாவைப் பற்றிப் பேசும் இடமாவது என்னுடையது என்று நம்பியிருந்தேன். தொண்டையைச் செருமினேன். போன் அடித்தது.

மாமியார் அதைச் செம்பில் சாய்த்து வைத்தார். அன்றைக்குத் தங்குமிடத்தில் இருக்க முடியாமல் மச்சான் ஒரு கூட்டாளியோடு பஸ் ஏறி வடக்கே ஒரு கிராமத்து மயானத்துக்குப் போயிருந்தான். மயானம் முழுக்க நீல நிற மரச் சிலுவைகள். ஒவ்வொன்றிலும் செத்தவரின் படம் செதுக்கி வர்ணம் பூசியிருந்தது: ஆடு மேய்க்கிறவர், தறியில் உட்கார்ந்த பெண், போத்தலும் கையுமாக ஒருவர். படத்தின் கீழே பாட்டு. செத்தவரே தன் கதையைச் சொல்கிற மாதிரி, குடித்ததையும் சண்டை போட்டதையும் மறைக்காமல். மாமியாரைக் கிண்டல் பண்ணுவதும் உண்டாம்.

"அங்கயும் மாப்பிள்ளைங்க இப்பிடித்தானா?" என்றார் என் மாமியார். கருமாதி வீடு சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எங்கள் மயானத்தில் புல் மூடிவிட்டால் எது யார் மேடு என்று தெரியாது. அங்கே குடிகாரனுக்குக்கூட ஒரு பலகை, ஒரு பாட்டு. அந்த ஊர்மேலேயே பொறாமையாக வந்தது.

அப்போது மச்சான், "அத்தான் இருக்காரா?" என்றான். போனை என் பக்கம் திருப்பினார்கள். "இங்க செத்தவங்க எல்லாரும் பேசுறாங்கத்தான். நம்ம அப்பா பேசுனது ஒண்ணுகூட எனக்கு நெனவு வரல. நீங்கதானே கூட இருந்தீங்க. சொல்லுங்க, கேக்குறேன்."

கங்காணி கதையைச் சொன்னேன். இன்னும் சிலதைச் சொன்னேன். ஒன்று மட்டும் நாக்கிலேயே நின்றது. அவன் ஊரைவிட்டுப் போன பிறகு, கடை வாங்கில் உட்கார்ந்து மாமா என்னிடம் மட்டும் சொன்னது. அதை நான் சொல்லாவிட்டால் அது இருந்ததே யாருக்கும் தெரியாது. என் பேச்சை வருடக்கணக்காகக் கேட்ட மனிதர் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வேற ஒண்ணுமில்லையாத்தான்?" என்றான்.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னப் பத்தி ஒண்ணு சொன்னாரு" என்றேன். "'அவன் வீட்ல இருந்தப்பவும் சத்தம் கெடையாது. ஆனா அவன் போனப்புறந்தான் மாப்பிள்ளை, வீடு சத்தமில்லாம கெடக்கு'ன்னாரு."

திரையில் அவன் முகம் விலகியது. நீலப் பலகைகளும் கொஞ்சம் வானமும் மட்டும் தெரிந்தன.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "அவரு சொன்ன மாதிரியே."

மாமாவின் குரலில், அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, மறுபடி சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் திரும்பி வருகிறானா என்று.